ஊசி எழுதிய கதையும் மேடை பேசும் கதையும்

தமிழில் 'நூல்' என்னும் ஒரே சொல் பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையையும் குறிக்கும். புலவர் இயற்றும் ஏட்டையும் குறிக்கும். நன்னூலை யாத்த பவணந்தி முனிவர் பாயிரத்தில் இவ்விரண்டையும் ஒப்பிட்டே நூலின் இலக்கணத்தை விளக்குகிறார். சொற்கள் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவர் நூற்கும் பெண்ணாகவும் அங்கே உருவகிக்கப்படுகின்றனர். அரபு மொழியிலும் இத்தகைய உறவு உண்டு. 'ஹாக' என்பது நெய்தலைக் குறிக்கும் வினை. கவிதை யாத்தலுக்கும் அதனை அரபுப் புலவர்கள் ஆண்டுள்ளனர். ஒலியால் அதற்கு நெருங்கியதும் வேரால் வேறானதுமாகிய 'ஹகா' என்னும் வினைக்கு இரு பொருள்கள் உள்ளன. ஒன்று, கதை சொல்லுதல். மற்றொன்று, பிறரைப் போலச் செய்து காட்டுதல். 'ஹிகாயத்' என்னும் சொல்லை இன்று நாம் கதை என்றே பொருள் கொள்கிறோம். முற்காலத்திலோ அது பிறரைப் போல நடித்துக் காட்டுவதையும் குறித்து நின்றது.

சொல்லுதல், செய்து காட்டுதல் என்னும் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஆராய வேண்டிய தேவை அண்மையில் நேர்ந்தது. குன்னூரில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இரண்டு வினாக்களை என் முன் வைத்தார். ஐரோப்பாவின் புகழ்பெற்ற தையற்சித்திரமாகிய பாயூ துணியை மாணவர்களைக் கொண்டு நாடகமாக்கலாமா என்பது முதல் வினா. அது நன்கு அமைந்தால், அடுத்த ஆண்டு நமது நீலமலையின் தோதவர் போர்வையையும் அவ்வாறே மேடையேற்றலாமா என்பது இரண்டாம் வினா. இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் முடிபு.

துணியின் அமைப்பு

பாயூ என்பது பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் உள்ள சிறு நகரம். அதன் பெயரால் வழங்கும் இத்துணியை நெய்யப்பட்ட திரைச்சீலை என்று பலர் எழுதுவர். உண்மையில் அது ஊசியால் தைக்கப்பட்ட சித்திரம். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட சணல்நார் துணியின்மீது, தாவரச் சாயம் ஏற்றிய கம்பளி நூலால் அறுநூறுக்கும் மேற்பட்ட மனித உருவங்கள் தைக்கப்பட்டுள்ளன. கி.பி. 1066 (ஹிஜ்ரி 458) அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் களத்தில் இங்கிலாந்து மன்னர் ஹெரால்டை நார்மண்டிக் கோமகன் வில்லியம் வென்ற வரலாறே அதன் பொருள். வில்லியமின் உடன்பிறப்பும் பாயூவின் ஆயருமாகிய ஓடோவின் ஆதரவில், அப்போர் நிகழ்ந்த சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் அது தைக்கப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. தைத்த கைகள் யாருடையவை என்பது பதிவாகவில்லை. வென்றவனின் கதையைத் தோற்ற நாட்டின் ஊசிகளே தைத்திருக்கக்கூடும் என்பது சிந்திக்கத்தக்கது.

1476ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பாயூ தேவாலயத்தின் உடைமைப் பட்டியலில் இத்துணி இடம்பெறுகிறது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட திருநாளில் அதனை ஆலயத்தின் உட்சுவரைச் சுற்றித் தொங்கவிடுவது வழக்கம் என்று அப்பட்டியலால் அறிகிறோம். துணி அசையாது, காண்போர் நடப்பர், கதை நகரும். எனவே இத்துணிக்கும் நிகழ்த்துதலுக்கும் உள்ள உறவு இன்று புதிதாக உண்டாக்கப்படுவதன்று.

'இங்கே' என்னும் சொல்

உருவங்களுக்கு மேலே இலத்தீன் மொழியில் சிறு சிறு வாசகங்கள் தைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பல 'இங்கே' எனப் பொருள்படும் 'ஹிக்' என்னும் சொல்லால் தொடங்குகின்றன. இங்கே மன்னர் இதைச் செய்கிறார், இங்கே படை கடலைக் கடக்கிறது என்னும் முறையில் அவை செல்லும். ஏட்டில் அமைதியாக வாசிப்பவனுக்காக எழுதுவோர் இவ்வாறு சொல்லுக்குச் சொல் 'இங்கே' என்று எழுதுவதில்லை. கோலால் படத்தைச் சுட்டிக்காட்டி, கூடியிருப்போருக்குக் கதை சொல்பவரின் சொல் இது. துணியின் முன்னே ஒருவர் நின்று சொல்லியிருப்பார் என்பதற்கு இச்சொல்லே நல்ல சான்றாகத் தோன்றுகிறது.

இம்முறை நம் நாட்டுக்கும் அயலானதன்று. வங்காளத்தின் பட்டுவாக்கள், அதாவது சித்ரகர் எனப்படும் ஓவியர்கள், நீண்ட சுருளை மெல்ல அவிழ்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலாலோ கோலாலோ தொட்டுக்காட்டிப் பாடுவர். மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து நயா கிராமத்தில் இத்தொழிலை இன்றும் செய்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆயினும் இராமகாதையையும் பாடுவர், காஜி பீரின் கதையையும் பாடுவர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கி.பி. 1800ஐ ஒட்டிய காஜி சுருள் ஒன்று உள்ளது. அதன் நீளம் 13 மீட்டர். 54 கட்டங்கள் கொண்டது. ஈரானில் பெருந்திரையின் முன்னே நின்று கதை கூறும் 'பர்தா கானி' மரபும் இவ்வகையினதே.

முகலாயப் பேரரசர் அக்பரின் ஹம்ஸாநாமா இதன் அரசவை வடிவம் எனலாம். 1562ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் மீர் ஸய்யித் அலீ, அப்துஸ்ஸமது ஆகியோரின் மேற்பார்வையில் 1,400 ஓவியங்கள் பருத்தித் துணியில் தீட்டப்பட்டன. முன்புறம் படமும் பின்புறம் கதைப்பகுதியும் அமைந்திருப்பதால், ஒருவர் பின்னின்று வாசிக்க அவையோர் படத்தைக் கண்டிருப்பர் என்று கருதப்படுகிறது. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 200. கஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் 1881இல் சில கிடைத்தபோது அவை கடையொன்றின் சன்னலை அடைக்கும் துணியாகப் பயன்பட்டு வந்தன. சொல்பவர் மறைந்தபின் கதைத்துணி வெறுந்துணியாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அதே ஹம்ஸா கதையை உருது 'தாஸ்தான்கோயி' மரபாக, ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கியின் வழிகாட்டலில் 2005இல் டெல்லியில் மீட்டெடுத்தனர். வெண்ணுடை அணிந்து மேடையில் அமர்ந்திருக்கும் இருவரின் குரலே அங்கு அரங்கம் முழுவதையும் நிறைக்கிறது.

தமிழ் முஸ்லிம்களிடமும் இதன் கூறுகள் இருந்தன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் பாட மற்றொருவர் பொருள் விரிக்கும் வழக்கத்தை முதியோர் அறிவர். புனிதர்களை யாரும் நடித்துக் காட்டவில்லை. ஆனால் அவர்களின் வரலாறு கேட்போரின் கண்முன் நின்றது. சீதக்காதி நொண்டி நாடகத்திலோ கள்வனாக வாழ்ந்து கால் இழந்த ஒருவன் தன் கதையைத் தானே கூறுகிறான். சொல்லுதலுக்கும் செய்து காட்டுதலுக்கும் நடுவில் நிற்பது அவ்வடிவம்.

ஆகவே பாயூ துணியை மேடைக்குக் கொணர விரும்புவோர் முதலில் தேட வேண்டியவர் ஹெரால்டாக நடிக்க வல்லவரை அல்ல. 'இங்கே' என்று சுட்டிக்காட்ட வல்லவரையே.

துணி வாய் மூடும் இடங்கள்

இதனை வெறும் அழகியல் விருப்பம் எனக் கொள்ளற்க. அதன் பின்னே உண்மை பற்றிய பொறுப்பு ஒன்று உள்ளது. அத்துணியின் மூன்று காட்சிகளை மட்டும் எடுத்துக் காட்டுவோம்.

முதலாவது, முதிய மன்னர் எட்வர்டின் மரணப் படுக்கை. தம் நம்பிக்கைக்குரியோரிடம் அவர் பேசுவதாக வாசகம் அறிவிக்கிறது. என்ன பேசினார் என்பதை அறிவிக்கவில்லை. அரசை யாருக்கு அளித்தார் என்பதே அப்போரின் மூல வழக்கு. இரண்டாவது, நார்மண்டி மண்ணில் ஹெரால்டு இரு கைகளையும் திருப்பொருட் பேழைகளின்மீது வைத்து வில்லியமுக்குச் சத்தியம் செய்யும் காட்சி. சத்தியம் செய்தார் என்று துணி கூறுகிறது. எதற்காகச் செய்தார் என்று கூறவில்லை. மூன்றாவது, ஆல்ஃப்கிவா என்னும் பெண். ஒரு வாயிலின் நடுவே அவள் நிற்கிறாள். மதகுரு ஒருவர் கை நீட்டி அவள் முகத்தைத் தொடுகிறார். மேலேயுள்ள வாசகத்தில் இருவரும் குறிக்கப்பட்டுள்ளனர், வினைச்சொல் இல்லை. அவர் அவளை அடித்தாரா, ஆசி வழங்கினாரா, நிச்சயம் செய்தாரா என்பதற்கு விடை கிடையாது. இந்நெடிய சித்திரத்தின் நடுப்பட்டையில் மூன்றே பெண்கள் உள்ளனர். ஒருத்தி மன்னரின் படுக்கை அருகே அழுகிறாள். ஒருத்தி எரியும் வீட்டிலிருந்து குழந்தையைக் கைப்பிடித்து வெளியேறுகிறாள். பெயர் தைக்கப்பட்டவள் ஆல்ஃப்கிவா ஒருத்தியே.

இப்போது நாடக ஆசிரியரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நடிகர் வாய் திறந்தாக வேண்டும். எட்வர்டின் வாயில் ஒரு வரியை வைத்த அக்கணமே, ஒன்பதரை நூற்றாண்டுகளாக நிற்கும் வழக்குக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ஆல்ஃப்கிவாவுக்கு ஒரு காதலையோ களங்கத்தையோ கற்பித்தால், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் இல்லாத பெண்ணின்மீது பழி சுமத்தியவராவோம். காண வந்த மாணவர்களோ அதனைத் துணியில் உள்ளதென்றே நம்பி வீடு திரும்புவர்.

இச்சிக்கலை நம் அறிஞர்கள் வேறொரு துறையில் நன்கு அறிந்திருந்தனர். ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த பக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ, கதை கூறுவோரைப் பற்றித் தனி நூலொன்றே இயற்றினார். அவர் கதை கூறுதலை ஒட்டுமொத்தமாக விலக்கவில்லை. அவரே மக்கள் திரளைக் கவர்ந்த சொற்பொழிவாளர். கேட்போரை அழவைக்கும் ஆவலில் இல்லாததைச் சேர்ப்போரையே அவர் கண்டித்தார். செய்தியும் (மத்ன்) அறிவித்தோர் வரிசையும் (இஸ்னாத்) சேர்ந்தே ஹதீஸ் ஆகிறது என்னும் நெறி நம் மாணவர் அனைவரும் அறிந்தது. அந்நெறியின் ஒரு சிறு பங்கை மேடைக்குக் கடன் தரலாம்.

அதாவது, எட்வர்டின் படுக்கையருகே உருவங்கள் அசையாது நிற்க, இரு அறிவிப்பாளர்கள் முன்வர வேண்டும். அரசர் இங்கே பேசுகிறார், துணி அவர் சொல்லைத் தரவில்லை என்று ஒருவர் கூற வேண்டும். ஹெரால்டிடமே நாடு ஒப்படைக்கப்பட்டதாக ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு அறிவிப்பதை மற்றவர் எடுத்துரைக்கலாம். சத்தியக் காட்சியில், அது வில்லியமின் அரசுரிமைக்காகச் செய்யப்பட்டது என்னும் கூற்றை வில்லியமின் வரலாற்றாசிரியரான புவாத்தியே வில்லியமின் பெயரோடு கூற வேண்டும். ஆங்கிலக் குறிப்பேடு அப்பயணத்தைப் பற்றியே பேசவில்லை என்பதையும் உடன் கூற வேண்டும். ஆல்ஃப்கிவாவின் காட்சியில் இருவரும் வாய் மூடி நிற்கட்டும். அந்த மௌனம் எந்த வசனத்தையும்விட அவையோரைச் சிந்திக்க வைக்கும்.

ஹெரால்டின் கண்ணில் தைத்ததாகக் கூறப்படும் அம்புக்கும் இதே நெறி பொருந்தும். 18ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட வரைபடியில் இன்று காணும் அம்பின் இறகு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் படியில் உள்ளது. இடையே பழுதுபார்த்தோரின் ஊசி புகுந்திருக்கலாம் என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். துணியும் அறிவிப்பாளர் வழியே நம்மிடம் வந்து சேர்ந்ததுதான்.

மேடைக்குரிய கூறுகள்

இவ்வாறு வரையறுத்தால் நாடகம் வறண்டு போகாதா என்னும் ஐயம் எழலாம். துணியிலேயே வளம் மிகுதி. அதன் மேல், கீழ் ஓரங்களில் காகமும் நரியும் போன்ற நீதிக்கதை விலங்குகள் உள்ளன. போர் தொடங்கியதும் கீழ் ஓரத்தில் விலங்குகள் மறைந்து பிணங்கள் நிறைகின்றன. சிலர் அவற்றின் கவசங்களைக் கழற்றுகின்றனர். நடுவில் வீரம், ஓரத்தில் அதன் விலை. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசர்களுக்கு அருகே நின்று செய்யும் பணியை இந்த ஓரம் செய்கிறது. சிறு மாணவர் குழு ஒன்று மேடையின் முன்விளிம்பில் அமர்ந்து இப்பகுதியை ஏற்கலாம்.

உருவங்களின் கைகள் பெரியவை. விரல்கள் எப்போதும் எதையோ சுட்டுகின்றன. அச்சைகைகளை அப்படியே நிலைநிறுத்தி, அறிவிப்பாளர் 'இங்கே' என்றதும் அசையச் செய்தால் வசனம் குறைவாகவே தேவைப்படும். மன்னரின் உடல் அடக்கத்திற்குச் செல்லும் காட்சி, அவர் இறக்கும் காட்சிக்கு முன்னதாகத் தைக்கப்பட்டுள்ளது. அதனைத் திருத்த வேண்டுவதில்லை. சாவை முதலில் காட்டிப் பின்னர் வழக்கைத் திறப்பது நல்ல நாடக உத்தியே. துணியின் இறுதிப் பகுதி சிதைந்து போயிற்று. ஆங்கிலப் படை ஓடுவதோடு அது நிற்கிறது. வில்லியம் முடிசூடிய செய்தியை ஏடுகள் வழி அறிவோமாயினும், துணி நின்ற இடத்தில் நிகழ்ச்சியும் நின்றுவிடுதல் நேர்மை.

கதை சொல்லாத துணி

நார்மானியர் இங்கிலாந்தை வென்ற ஆறாம் ஆண்டில், அவர்களின் மற்றொரு கிளையினர் முஸ்லிம்களிடமிருந்து ஸிஸிலித் தீவின் பலெர்மோ நகரைக் கைப்பற்றினர் (கி.பி. 1072, ஹிஜ்ரி 464). அல்-இத்ரீஸீயின் நிலநூலைப் போற்றிய இரண்டாம் ரோஜர் மன்னர் அக்கிளையைச் சேர்ந்தவர். அவருக்காகத் தைக்கப்பட்ட செம்பட்டு மேலங்கி இன்று வியன்னாவின் அரச கருவூலத்தில் உள்ளது. பொன்னிழையாலும் முத்துகளாலும் ஆகிய அதன் இரு பாதிகளிலும் ஒட்டகத்தை அடக்கி நிற்கும் சிங்கம், நடுவே மரம், விளிம்பில் கூஃபி எழுத்தில் அரபு வாசகம். ஸிஸிலியின் தலைநகரில், அரச பணிமனையில், ஹிஜ்ரி 528இல் (கி.பி. 1133-34) செய்யப்பட்டது என அது கூறுகிறது. இத்தகைய பணிமனைகளை அரபியர் 'திராஸ்' என்றனர்; இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் அதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளார். அரை நூற்றாண்டுக்குப்பின் அத்தீவுக்குச் சென்ற பயணி இப்னு ஜுபைர், மன்னரின் திராஸில் பொன்னிழை தைத்த யஹ்யா இப்னு ஃபித்யான் என்பவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

சிங்கம் நார்மானியர், ஒட்டகம் அரபியர் என்று விளக்கம் கூறுவோர் உண்டு. அவ்வாறாயின் தம் இனத்தின் தோல்வியைத் தாமே பொன்னால் தைத்த கலைஞரின் துயரம் சிறந்த நாடகமாகும் எனத் தோன்றும். ஆனால் அதன் வாசகம் அரபியரை வென்றதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. நற்பேறுகளை வாழ்த்துகிறது, இடமும் ஆண்டும் தருகிறது. அது கதைத்துணி அன்று, அணியும் துணி. மன்னர் அதனைப் போர்த்தி அவையில் நிற்பதே அதன் நிகழ்த்துதல். அதற்குள் கதையொன்றைத் திணிப்பது துணியை வாசிப்பதாகாது.

நீலமலையின் ஊசி

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு இரண்டாம் வினாவை அணுகலாம். தோதவர் அணியும் பூத்துக்குளி என்னும் போர்வை வெண்பருத்தித் துணியில், செந்நூலாலும் கருநூலாலும் பெண்களால் தைக்கப்படுவது. அவர்கள் முன்கூட்டி வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துவர். மரபு முறையில் தைத்த துணியைத் தொடுபவருக்கு அது தறியிலேயே நெய்யப்பட்டதோ என்னும் மயக்கம் ஏற்படும். 'புகூர்' எனப்படும் இத்தையற்கலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சடங்குகளில் அதனை அணிவர். இறந்தோரின் உடலையும் அதில் பொதிவர்.

தோதவரிடம் பாடலும் உண்டு. 1930களில் இம்மலையில் தங்கி அவர்கள் மொழியைக் கற்ற எமனோ, அவர்களின் பாடல்களைத் தொகுத்து 1971இல் பெருநூலாக வெளியிட்டார். எருமைகள், மந்துகள், மறைந்த மனிதர்கள் என அவர்களின் வாழ்வனைத்தும் அப்பாடல்களில் உள்ளன. ஆனால் துணி அப்பாடலின் படமன்று. பூத்துக்குளியின் கோலங்கள் காட்சி காட்சியாக நகரும் கதையும் அல்ல. 'இங்கே' என்று சுட்டும் வாசகமும் அதில் இல்லை. ரோஜரின் மேலங்கியைப் போல அது வாழ்வோடு அணியப்படுவது; அதனினும் ஒரு படி மேலாக, சாவோடும் அணியப்படுவது. சிவப்பும் கறுப்பும் அச்சிட்ட மலிவான துணியைத் தோளில் போர்த்தி, கொட்டு முழக்கி ஆடிவிட்டு அதனைப் பழங்குடி நாடகம் என்றழைப்பது, ஒரு குடும்பத்தின் சவப்போர்வையை வேடப்பொருளாக்குவதற்கு ஒப்பாகும்.

மற்றொரு வேறுபாடும் இங்குண்டு, அதுவே தலையாயது. பாயூ துணியைத் தைத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆல்ஃப்கிவாவிடம் கேட்கவும் முடியாது. ஆகவே அவர்களுக்காக மௌனம் காக்கிறோம். உதகையைச் சுற்றியுள்ள மந்துகளிலோ ஊசி பிடித்த கைகள் இன்றும் தைத்துக்கொண்டிருக்கின்றன. கேட்கக்கூடிய இடத்தில் கேளாமல் கற்பனை செய்வது மௌனத்தை மீறுவதைக் காட்டிலும் பெரிய குறை. அயலார் வீட்டில் அனுமதி கேட்டு ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்னும் திருமறையின் கட்டளை (24:27) செங்கல் வீட்டுக்கு மட்டும் உரியதெனக் கருத இடமில்லை. பிறர் நினைவுகளும் வீடுகளே. எனவே அந்த ஆசிரியருக்கு நான் கூறிய விடை சுருக்கமானது. முதல் துணியை மேடையேற்றலாம், சுட்டிக்காட்டுவோர் இருவர் இருந்தால். இரண்டாவதை மேடையேற்ற வேண்டுமா, எவ்வாறு, யார் பேசுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நாமல்லர். மாணவர்களை முதலில் மந்துக்கு அழைத்துச் சென்று, தைப்பவரின் அருகே அமர்த்தி, இழை எண்ணக் கற்கச் செய்வதே அதன் முதற்காட்சி. அவர்கள் விரும்பினால் தம் மொழியில், தம் குரலில் அவர்களே பேசட்டும். விரும்பாவிடில் அங்கேயே திரை விழட்டும்.